பின்னால் நிற்பவர் பெயரையும் எழுது

ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள தம்பி,

பெய்ரூட்டிலிருந்து எல்லைப் பக்கம் செய்திக்குப் படம் எடுக்கப் போவதாக நீ சொன்ன நாளிலிருந்து உன் அம்மா சரியாகத் தூங்குவதில்லை. நானும்தான். போனில் பேசினால் 'சரிப்பா, சரிப்பா' என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

1972ஆம் ஆண்டு ஜூலை மாதம் எனக்கு 11 வயது. நம் ஊர்க்காரர்கள் இரண்டு பேர், டெரி கூவும் சாம் கை ஃபேயும், வியட்நாமில் குவாங் திரி பக்கம் நடந்த சண்டையில் இறந்தார்கள். அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சிக்காகப் படம் எடுக்கப் போனவர்கள். தாத்தா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, 'துப்பாக்கி தூக்காத பிள்ளைகளடா' என்று சொல்லி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். டெரிக்கு ஜெர்மனிக்கு மாற்றல் முடிவாகியிருந்ததாம். அவர் இடத்துக்கு வந்தவர்தான் சாம். இதைப் பல வருடம் கழித்துப் படித்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 'கடைசியாக ஒரு தடவை' என்று யாராவது கூப்பிட்டால் நீ போகாதே, தம்பி.

நீ இப்போது இருக்கும் லெபனானிலேயே, 2023 அக்டோபர் 13 அன்று, ராய்ட்டர்ஸ் ஒளிப்பதிவாளர் இசாம் அப்தல்லா குண்டு விழுந்து இறந்தார். அவரோடு நின்ற ஆறு பேருக்குக் காயம். பத்திரிகையாளர் என்று தெரியும்படி கவச உடையும் தலைக்கவசமும் போட்டுத்தான் நின்றார்கள். 2003இல் பாக்தாத்துக்கு வெளியே இன்னொரு ராய்ட்டர்ஸ் ஒளிப்பதிவாளர் மாசென் டானாவின் கேமராவை ராக்கெட் ஏவும் கருவி என்று நினைத்து அமெரிக்கப் படையினர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். உன் கேமரா சின்னதுதான் என்பாய். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு அது எப்படித் தெரியும்?

நிருபர் கேட்டு எழுதலாம், விடுதி அறையிலிருந்தும் எழுதலாம். படம் எடுப்பவன் அந்த இடத்தில் நின்றே ஆக வேண்டும். 22 வருடம் கல்யாண வீடியோ எடுத்த எனக்கு அது தெரியும். ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை வியூஃபைண்டரில் வைத்துவிட்டால் பக்கத்தில் நடப்பது எதுவும் தெரியாது. சிராங்கூன் சாலைக் கோயிலில் ஒரு முகூர்த்தத்தின்போது, தாலி கட்டுவதை முழுசாக எடுக்கப் பின்னாலேயே நகர்ந்துகொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஆளுயரக் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மா சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் தீயில் சாய்ந்திருப்பேன். அதற்கப்புறம் ஒவ்வொரு கல்யாணத்திலும் அம்மா என் பின்னால் நின்றாள். நான் படத்தைப் பார்ப்பேன், அவள் மற்ற எல்லாவற்றையும் பார்ப்பாள்.

உன்னைப் போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போன மாதம் நீ எடுத்த அந்தக் கிழவி, இடிந்த வீட்டுக்குள் சாவியைத் தேடுகிறாளே, அதை நானும் அம்மாவும் மூன்று முறை பார்த்தோம். நீ அங்கே இல்லையென்றால் அவளை இந்த ஈசூன் வீட்டில் யார் பார்த்திருப்பார்கள்?

ஆனால் ஒன்று கேட்கிறேன். அங்கே உன் சட்டையைப் பிடித்துக்கொள்வது யார்? கார் ஓட்டுபவரா, ஒலிப்பதிவு செய்பவரா? அவர் 'போதும், கிளம்பு' என்றால் அந்த நொடியே கேமராவை இறக்கிவிடு. 'இன்னும் பத்து வினாடி' என்று கேட்காதே.

அவர் பெயரை எழுதி அனுப்பு. வெள்ளிக்கிழமை உன் பெயருக்கு அர்ச்சனை செய்யும்போது அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறாள் அம்மா. நட்சத்திரம் தெரியாவிட்டால் பரவாயில்லையாம், பெயர் போதுமாம்.

அன்புடன்,
அப்பா