கொச்சி யூதத் தெரு நடை – ஞாயிறு திட்டம்

நண்பர்களே, ஞாயிறு காலை 9.45க்கு மட்டாஞ்சேரி அரண்மனை வாசல். சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள், தொழுகைக்கூடம் பூட்டியிருக்கும். திங்களன்று சேந்தமங்கலம் (கேரளத்தில் பறவூர் அருகே) யூத அருங்காட்சியகம் விடுமுறை. அதனால்தான் ஞாயிறு.

முதலில் 1568இல் கட்டிய பரதேசி தொழுகைக்கூடம். (நம்மூர் வசவு இல்லை, வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் என்ற பொருள்.) செருப்பைக் கழற்றியதும் தரையைப் பாருங்கள்: சீனத்திலிருந்து வந்த நீலவெள்ளை ஓடுகள், ஒவ்வொன்றும் கையால் வரைந்தது. வில்லோ மரக்கிளை ஓட்டுக்கு ஓடு கொஞ்சம் வேறுபடும். நின்று பார்க்காவிட்டால் எல்லாம் ஒரே அச்சு என்றே தோன்றும். ஷார்ட்ஸ், கையில்லாச் சட்டை, பெரிய பை வேண்டாம், வாசலிலேயே நிறுத்துவார்கள். நுழைவுக் கட்டணத்துக்குச் சில்லறை வைத்திருங்கள்.

சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மனின் செப்பேடு பற்றியும் அங்கே பேசுவோம். சுமார் கி.பி. 1000, எழுத்து வட்டெழுத்து. யூத வணிகர் தலைவர் ஜோசப் ரப்பான் அதில் ‘இசுப்பு இரப்பான்’. அவருக்குக் கிடைத்தது அஞ்சுவண்ணமும் (வணிகர் குழு) 72 உரிமைகளும்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் வேனில் பறவூர், சேந்தமங்கலம். சாலை நெரிசலுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம், 12.30க்கு மேல் யாருக்காகவும் காத்திருந்தால் கடைசி இடம் மூடிவிடும். சேந்தமங்கலம் வாசலில் 1269ஆம் ஆண்டு எபிரேயக் கல்லறைக் கல்: ‘இஸ்ரவேலின் மகள் சாரா’. மாலைச் சாய்வெயிலில் எழுத்து நன்றாகத் தெரியும்.

வருகிறவர்கள் வெள்ளி இரவுக்குள் பெயர் போடுங்கள்.