யு.எஸ்.டி.ஏ. கடனுக்குத் தகுதியில்லை என்று தவறாகச் சொல்லி வீட்டை இழக்கச் செய்தது குறித்துப் புகார்

அனுப்புநர்:
வீட்டுக்கடன் விண்ணப்பதாரர்,
ஹெம்ப்ஸ்டெட், வாலர் கவுண்டி, டெக்சாஸ்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வீட்டுக்கடன் பிரிவு, ஹூஸ்டன் கிளை.

பொருள்: மறுப்புக்கான காரணத்தை எழுத்தில் தரவும், செலவான பணத்தைத் திருப்பித் தரவும் கோருதல்.

ஐயா,

உங்கள் கடன் அதிகாரி எங்களிடம் தமிழில்தான் பேசினார். அந்த நம்பிக்கையில்தான் உங்களிடம் வந்தோம். அதனால் இந்தப் புகாரையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

ஹெம்ப்ஸ்டெட்டுக்கு வெளியே ஒரு வீட்டைப் பேசி முடித்து, யு.எஸ்.டி.ஏ. உத்தரவாதக் கடன் கேட்டோம். வருமான வரம்புக்குள் இருப்பவர்கள் கிராமப்புறத்தில் வீடு வாங்க, அமெரிக்க வேளாண்மைத் துறையின் (யு.எஸ்.டி.ஏ.) உத்தரவாதத்தோடு உங்களைப் போன்றவர்கள் கொடுக்கும் கடன் அது. வேளாண்மைத் துறையின் வரைபடத்தில் அந்த முகவரி தகுதியுள்ள பகுதிக்குள் வருகிறது. எனக்கும் மனைவிக்கும் கிரீன் கார்டு இருக்கிறது. நாங்களே குடியிருக்கத்தான் வாங்கினோம். எல்லாத் தாள்களையும் வாங்கிக்கொண்ட உங்கள் அதிகாரி கடைசியில் ஃபோனில் சொன்னது இதுதான்: "சார், உங்க வருமானம் லிமிட்டைத் தாண்டுது. அதோட அது வெல் தண்ணி வீடு, யு.எஸ்.டி.ஏ. ஒத்துக்காது. பேசாம எஃப்.எச்.ஏ.-வுக்குப் போயிடலாம்."

வெல் என்று அவர் சொன்னது வீட்டின் சொந்தக் கிணற்றை. எஃப்.எச்.ஏ. என்பது கூட்டரசு வீட்டுவசதி நிர்வாகம் காப்பீடு தரும் வேறொரு வீட்டுக்கடன். அவர் சொன்ன இரண்டு காரணமுமே தவறு.

வருமான வரம்போடு ஒப்பிட வேண்டியது மொத்தச் சம்பளத்தை அல்ல, கழிவுகள் போக மிஞ்சும் தொகையை. 18 வயதுக்குட்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கழிவு உண்டு. பெற்றோர் வேலைக்குப் போவதற்காக 12 வயது வரையுள்ள பிள்ளைகளின் பராமரிப்புக்குக் கட்டும் பணத்தையும் கழிக்கலாம். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். சின்னவளுக்கு டேகேர், பெரியவனுக்குப் பள்ளி விட்ட பிறகான பராமரிப்பு. இரண்டுக்கும் ரசீது கொடுத்திருந்தோம். அந்தத் தொகையைக் கழித்தாலே வரம்புக்குள் வந்துவிடுகிறோம். ரசீதுகள் உங்கள் கோப்பிலேயே இருக்கின்றன. கணக்கில் மட்டும் அவை ஏறவில்லை.

இது சின்ன வித்தியாசம் இல்லை. யு.எஸ்.டி.ஏ. கடனில் முன்பணம் கட்டத் தேவையில்லை. உத்தரவாதக் கட்டணம் தொடக்கத்தில் 1 விழுக்காடு, பிறகு ஆண்டுக்கு 0.35 விழுக்காடு. எஃப்.எச்.ஏ.-வில் குறைந்தது 3.5 விழுக்காடு முன்பணம், தொடக்கக் காப்பீடு 1.75 விழுக்காடு, அதற்குமேல் ஆண்டுக் காப்பீடு வேறு. 10 விழுக்காட்டுக்குக் குறைவாக முன்பணம் கட்டினால் அந்த ஆண்டுக் காப்பீடு கடன் முடியும்வரை விடாது. 2,40,000 டாலர் வீட்டுக்கு 8,400 டாலர் முன்பணம் எங்களிடம் இருந்திருந்தால் யு.எஸ்.டி.ஏ.-வைத் தேடி வந்திருக்கவே மாட்டோம்.

அடுத்தது கிணற்று நீர். வெல் இருக்கும் வீட்டுக்கு யு.எஸ்.டி.ஏ. கடன் கிடையாது என்று எந்த விதியும் இல்லை. தண்ணீர் பரிசோதனையில் தேறினால் போதும். இதை நான் முன்பே தெரிந்துகொண்டு, செப்டிக் தொட்டியையும் தண்ணீரையும் என் செலவில் ஆய்வாளர்களைப் பார்க்கச் சொல்லியிருந்தேன். தகரக் கொட்டகைக்குள் நீல நிற அழுத்தத் தொட்டி, பக்கத்தில் பம்ப். குழாய் வாயைக் கிருமிநாசினியால் துடைத்து, சில நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு, மூடியின் உள்பக்கம் விரல் படாமல் புட்டியில் பிடித்தார்கள். ஐஸ் பெட்டியில் வைத்துப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்கள். கோலிஃபார்ம் என்ற நுண்கிருமி இல்லை என்று அறிக்கை வந்தது. அதையும் உங்கள் அதிகாரிக்கு அனுப்பினேன். "வெல் தண்ணி ஒத்துக்காது" என்று அவர் சொன்னது அதற்குப் பிறகு.

நாங்கள் இப்போது குடியிருப்பது வாடகை ட்ரெய்லர் வீட்டில். குளியலறை வாசலில் தரைப்பலகை ஊறிப்போய், கால் வைத்தால் அமுங்குகிறது. குளிர்காலத்தில் அடியில் போகும் குழாய் உறைந்துவிடும். 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் மின்சாரம் போனபோது டெக்சாஸ் முழுக்க மக்கள் பட்டபாடு உங்களுக்கும் தெரியும். நல்ல சுவரும் கூரையும் உள்ள வீட்டுக்கு எந்த அவசரத்தில் அலைந்தோம் என்பது இந்தத் தரையில் நடந்து பார்த்தால் புரியும். உங்கள் அதிகாரியோ, "அந்தக் காட்டுல எதுக்கு சார் வாங்கறீங்க, கேட்டி டவுன்ல அபார்ட்மெண்ட் பாருங்களேன்" என்றார். எனக்கு வேலை பிரெய்ரி வியூவில், பிள்ளைகளுக்குப் பள்ளி ஹெம்ப்ஸ்டெட்டில். எங்கே குடியிருப்பது என்று அவரிடம் யோசனை கேட்கவில்லை. கிராமத்தில் வீடு வாங்குபவர்களுக்காகவே உள்ள கடனை விற்பவர் கிராமத்தை இளக்காரமாகப் பேசியது எங்களை மிகவும் புண்படுத்தியது.

இந்த இழுபறியில் ஆப்ஷன் காலம், அதாவது ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமைக்காக ஆப்ஷன் ஃபீ கட்டி வாங்கிய அவகாசம், முடிந்து ஒப்பந்தத்தை விட வேண்டியதாயிற்று. வீடு வேறொருவர் கைக்குப் போய்விட்டது. ஆப்ஷன் ஃபீயும் பரிசோதனைச் செலவும் திரும்பி வராது.

கடனை மறுத்தால், முழு விண்ணப்பம் கிடைத்த 30 நாளுக்குள் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும், காரணத்தைக் கேட்டு அறியும் உரிமையும் உண்டு என்கிறது சமக் கடன் வாய்ப்புச் சட்டம். எங்களுக்குக் கிடைத்தது ஒரு ஃபோன் அழைப்பு மட்டுமே. ஆகவே மறுப்புக் கடிதத்தையும், எங்கள் வருமானத்தை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்ற தாளையும் அனுப்புங்கள். நீங்கள் வாங்கிய பிராசஸிங் ஃபீயையும், நாங்கள் இழந்த ஆப்ஷன் ஃபீயையும், பரிசோதனைச் செலவையும் திருப்பித் தாருங்கள். அடுத்த வீட்டுக்கு எங்கள் கோப்பை இந்த விதிகளைப் படித்த வேறொரு அதிகாரி பார்க்க வேண்டும்.

இரண்டு வாரத்துக்குள் பதில் வராவிட்டால், டெக்சாஸ் மாநிலத்தின் சேமிப்பு, வீட்டுக்கடன் துறையிடம் ரசீதுகளோடும் நீர் அறிக்கையோடும் முறையிடுவேன்.

இப்படிக்கு,
விண்ணப்பதாரர்

இணைப்பு: டேகேர் ரசீதுகள், நீர்ப் பரிசோதனை அறிக்கை, செப்டிக் ஆய்வறிக்கை, ஆப்ஷன் ஃபீ ரசீது.