மார்ச் 24: அண்ணனுக்கு

அண்ணே,

1990-ல் இதே தேதியில்தான் இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையின் கடைசி அணி திருகோணமலையிலிருந்து கிளம்பியது. சென்னையில் வரவேற்க முதலமைச்சர் போகவில்லை. நீ ராத்திரி பஸ்ஸில் கறுப்பு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாய். அம்மா உன் யூனிபார்மைத் துவைத்து, வாசல் கொடியில் போடாமல் அடுப்படிக்குள் காயவைத்தாள். அதையெல்லாம் நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான் எழுத உட்கார்ந்தது 1999-ஐப் பற்றி.

கார்கிலிலிருந்து வந்த பையனை ஊருக்குள் அழைத்து வந்தோமே, அந்த வரவேற்புக் கமிட்டிக்கு நான் பொருளாளர். திறந்த ஜீப், முன்னால் மேளம், ஆயிரம்வாலா. மாலை குவிந்து பையன் முகமே தெரியவில்லை. கழற்றிக் கழற்றி பானெட்டில் போட்டுக்கொண்டு வந்தேன். சைக்கிள் கடைத் திருப்பத்தில் நீ நின்றாய், கையில் ரேஷன் பை. ஜீப் நெருங்கியதும் உன் குதிகால் இரண்டும் தானாகச் சேர்ந்தன. வலது கை தோள் வரைக்கும் எழுந்தது. சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிடரியைச் சொறிந்துகொண்டாய்.

நான் மாலை எடுக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

சாயங்காலம் மேடையில் 65, 71 சண்டைக்குப் போன பெரியவர்களுக்கெல்லாம் பொன்னாடை. அந்தப் பட்டியலை எழுதியதும் நான்தான்.

காரணம் இல்லாமல் இல்லை. இலங்கை அகதி முகாம் பிள்ளைகள் என் வகுப்பில் படித்தார்கள். அப்பா எங்கே என்று கேட்கக் கூடாத பிள்ளைகள். அவர்கள் காதில் விழ, மைக்கில் உன் பெயரையும் யாழ்ப்பாணத்தையும் சேர்த்து எப்படிச் சொல்ல? இதற்கு மேல் இங்கே வேண்டாம். இதை இரண்டு பக்கத்து ஆட்களும் படிப்பார்கள். அங்கே செத்த சனங்களும் உண்டு, திரும்பி வராத நம் ஆட்கள் ஆயிரத்துக்கு மேலும் உண்டு. எதை முதலில் எழுதினாலும் சண்டைக்கு வருவார்கள்.

ஆனால் நீ மட்டும் என்னவாம்? அங்கே என்னதான் நடந்தது என்று கேட்ட போதெல்லாம் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனாய். வாயே திறக்காதவனை எதைச் சொல்லி மேடையேற்றுவது? எல்லாப் பழியும் எனக்கா? ஒரு தடவையாவது "என் பேர் ஏன்டா இல்லை?" என்று அறைந்திருக்கலாம். மறுநாள் காலையில் என் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, ஜீப் அலங்காரம் ஜோர் என்றாய்.

மன்னித்துக்கொள் அண்ணே.

பள்ளிக்கூடத்தில் பட்டாளத்துக்காரர்கள் பெயரைக் கல்லில் வெட்டி வைக்கப்போகிறார்கள். பட்டியல் மறுபடி என்னிடம்தான் வந்தது. உன் பெயருக்கு எதிரே "அமைதிப்படை, 1987-90" என்று எழுதி நேற்றே கொடுத்துவிட்டேன். திறப்பு விழாவுக்கு நீ வரமாட்டாய் என்று அண்ணி இப்போதே சொல்லிவிட்டார்கள். வராவிட்டால் போகிறது. பெயரை மட்டும் அடிக்கச் சொல்லாதே.