டர்போவை மாற்றும் முன்

நாமக்கல்

அன்புள்ள கதிரேசா,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவளுக்குத் திருச்சியில் வங்கி வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். அம்மா அன்று மாலையே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். பட்டறை வழக்கம்போல ஓடுகிறது. தம்பி மகன் இப்போது என்னோடு நிற்கிறான். பொறுமையான பையன், நன்றாக வருவான்.

இனி உன் வண்டி. நீலப் புகை வருகிறது, டர்போ போய்விட்டது, மாற்றியே ஆகவேண்டும் என்று மெக்கானிக் சொன்னதாக எழுதியிருக்கிறாய். டர்போ என்பது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் விசிறிதான். கொஞ்சம் பொறு, முன்பணம் கொடுத்துவிடாதே. நீலம் என்றால் ஆயில் எரிகிறது, அவ்வளவுதான். அது எந்த வழியாக உள்ளே போகிறது என்பதை நிறம் சொல்லாது. கறுப்பாக வந்திருந்தால் காற்றுப் பற்றாக்குறை, ஹோஸ் கிழிசலையோ ஏர் ஃபில்டரையோ பார்க்கச் சொல்லியிருப்பேன். சூடான பிறகும் இனிப்பு வாடையோடு வெள்ளையாக வந்திருந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே கசிகிறது என்று அர்த்தம். உன்னுடையது இரண்டுமில்லை.

எப்போது புகைகிறது என்று கவனி. இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பியதும் குப்பென்று வந்து அடங்கினால் ஆயில் சிலிண்டருக்குள் இறங்காமல் தடுக்கும் வால்வு சீல் மீதுதான் முதல் சந்தேகம். கோத்தகிரி ஏற்றத்தில் விடாமல் வந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருக்கலாம். ரிங்கைச் சோதிக்க, இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, அதே வாயின் மேல் சும்மா வைத்துப் பார். டீசல் இன்ஜினில் சிறிது காற்று வரத்தான் செய்யும். மூடி துள்ளி விழுந்தால்தான் கவலை. சில நிமிடம் ஐடிலில் நின்றுவிட்டு ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது புகை மண்டினால், அப்போது டர்போ பக்கம் போகலாம்.

அங்கேயும் அவசரம் வேண்டாம். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, ஏர் ஃபில்டரிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றி டர்போவின் நடுத்தண்டான ஷாஃப்டை விரலால் ஆட்டிப் பார். பக்கவாட்டில் லேசாக ஆடினால் குற்றமில்லை. ஆயில் படலத்தில் மிதந்து சுழல்வதற்கென்றே அந்த இடைவெளி விட்டிருக்கிறார்கள். முன்னும் பின்னும் கைக்குத் தெரியும்படி அசைந்தாலோ, இறக்கை உறையில் உரசிய கீறல் தெரிந்தாலோ டர்போ போனதுதான். ஹோஸுக்குள் மெல்லிய ஆயில் பிசுக்கு இருப்பதை மட்டும் காட்டி யாராவது பயமுறுத்தினால் நம்பாதே. இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாயின் ஆவி அங்கேதான் வந்து சேர்கிறது.

முக்கியமாக நான் சொல்ல வந்தது ஆயில் திரும்பும் குழாயைப் பற்றி. நிமிடத்துக்கு 1,00,000 சுற்றுக்கு மேல் சுழலும் ஷாஃப்டுக்கு ஆயில் அழுத்தத்தோடு போகிறது. திரும்புவதோ தானாக வழிந்துதான். அந்தக் குழாயில் கரி அடைத்தாலோ, இணைப்பில் வைக்கும் கேஸ்கெட்டில் பூசிய சிலிகான் பிதுங்கி வழியை மறித்தாலோ, பிரீதர் அடைபட்டு இன்ஜினுக்குள் அழுத்தம் ஏறினாலோ ஆயில் இறங்க வழியில்லாமல் சீலைத் தாண்டிக் கசியும். டர்போ நல்ல நிலையில் இருந்தாலும் புகைக்கும். புது டர்போ மாட்டியும் புகை நிற்கவில்லை என்று ஒருவர் சேந்தமங்கலத்திலிருந்து வண்டியைக் கொண்டுவந்தார். திரும்பு குழாயைக் கழற்றி விளக்குக்கு நேரே பிடித்தோம். மறுமுனையில் வெளிச்சமே தெரியவில்லை. கம்பியை விட்டுக் குத்தியதும் கரி ஓடு ஓடாக உதிர்ந்தது. குழாயைச் சுத்தம் செய்து மாட்டியதும் புகை நின்றது. அவர் தண்டமாகக் கொடுத்த பணத்தை நினைத்தால் எனக்கு இன்னமும் மனசு ஆறவில்லை. டர்போ உண்மையிலேயே போயிருந்தாலும், ஏன் போனது என்று பார்க்காமல் புதியதை மாட்டினால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

ஆயில் அளவுக் கம்பியையும் பார். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றியிருந்தாலே புகை வரும். மாறாக, அளவு மளமளவென்று இறங்கினால் வண்டியை எடுக்கவே எடுக்காதே. டர்போ வழியாகக் கசியும் ஆயிலையே குடித்து டீசல் இன்ஜின் தறிகெட்டு ஓடும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. அப்படி நேர்ந்தால் வண்டியை நிறுத்தி, டாப் கியரில் போட்டு, பிரேக்கை முழுக்க மிதித்துக்கொண்டு கிளட்சை விடு, அணைந்துவிடும்.

இவற்றையெல்லாம் பார்த்துவிட்டு எழுது. திரும்பு குழாயைக் கழற்ற அந்த மெக்கானிக் மறுத்தால் வண்டியை லாரியில் ஏற்றி இங்கே அனுப்பிவிடு, நானே பார்க்கிறேன். தங்கையையும் பிள்ளைகளையும் மிகவும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
செல்வராசு