அந்தத் தூண்களின் ஊருக்கு மிதித்து வா

அன்புள்ள மலருக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய படத்தை இரண்டு முறை பெரிதாக்கிப் பார்த்தேன். புதுச்சேரி கடற்கரை, காந்தி சிலை, பக்கத்தில் உன் நீலச் சைக்கிள். சென்னையிலிருந்து 150 கிலோமீட்டர் மிதித்து வந்த களைப்பு துளிகூட இல்லாத முகம். பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

அந்தப் படத்தில் காந்தியைச் சுற்றி உயரமாக நிற்கும் கருங்கல் தூண்களைக் கவனித்தாயா? அவை கடற்கரை ஊர்த் தூண்கள் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் செஞ்சியிலிருந்து கொண்டுபோனவை. 1750-இல் கோட்டையைப் பிடித்து 1761 வரை அவர்கள்தான் வைத்திருந்தார்கள். கோட்டைக்குள் இருக்கும் வெங்கடரமணர் கோயில் தூண்கள் அவை என்று இங்கே சொல்வார்கள்.

"அடுத்து எந்த ரூட் சித்தி?" என்று கேட்டிருந்தாய். அந்தத் தூண்கள் புறப்பட்ட இடத்துக்கு வா. கிழக்குக் கடற்கரைச் சாலை நல்ல சாலைதான், ஆனால் அதில் போகும்போது உன் கண் மீட்டரிலும் முன்னால் போகிற லாரியிலும்தான் இருக்கும். செஞ்சி வட்டாரத்தில் மீட்டரைப் பார்க்கத் தோன்றாது. யாரோ பெரிய கற்களைக் கூடையில் அள்ளிவந்து குவித்தது போல இரண்டு பக்கமும் பாறைக் குன்றுகள். நடுவில் வயல், ஏரி, பனைமரம். சாலை அவற்றுக்கிடையே ஏறி இறங்கி வளைந்து போகும். மலைப்பாதை ஏற்றம் எதிர்பார்க்காதே, ஏலகிரி மாதிரி கொண்டை ஊசி வளைவெல்லாம் கிடையாது. இங்கே உண்மையான ஏற்றம் சைக்கிளை விட்டு இறங்கிய பிறகுதான்.

முதல் நாள் ராத்திரியே விழுப்புரத்துக்கு வந்து நம் வீட்டில் தங்கிவிடு. காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் செஞ்சி சாலையில் வெயில் ஏறுவதற்குள் மண்டகப்பட்டு வந்துவிடும், சுமார் 20 கிலோமீட்டர். ஊரை ஒட்டி ஒரு பாறை, அதில் குடைந்த ஒரு குகை. முகப்பில் தூண்கள், இரண்டு ஓரத்திலும் வாயிற்காவலர்கள், உள்ளே மூன்று சின்ன அறைகள். மூன்றும் காலி. முதல் தடவை போனபோது, இதற்கா இவ்வளவு தூரம் என்றுதான் எனக்கும் தோன்றியது. அப்புறம்தான் அங்கிருக்கும் கல்வெட்டைப் பற்றிப் படித்தேன். கிரந்த எழுத்தில் வடமொழி. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல், பிரம்மனுக்கும் ஈசனுக்கும் விஷ்ணுவுக்கும் இந்தக் கோயிலை விசித்திரசித்தன் செய்தான் என்று அதில் இருக்கிறது. விசித்திரசித்தன் என்றால் மகேந்திரவர்ம பல்லவன். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். அதுவரை நம் பக்கத்தில் கோயில் என்றால் செங்கல்லும் மரமும் சுதையும்தான். எதெல்லாம் இல்லாமல் கட்டினேன் என்று ஓர் அரசன் பட்டியல் போட்டு எழுதிவைத்திருக்கிறான். புதிதாக ஒன்றைச் செய்து முடித்தவனின் சந்தோஷம் அதில் கேட்கிறது. நீ முதல் 200 கிலோமீட்டர் பிரெவெ, அந்த நேரக்கெடு வைத்த நெடுந்தூரச் சைக்கிள் ஓட்டம், முடித்த ராத்திரி எனக்குப் போன் செய்தாயே, அந்தக் குரல்.

அங்கிருந்து கிராமத்துச் சாலைகளில் தளவானூர். இதுவும் மகேந்திரன் குடைந்ததுதான், பெயர் சத்ருமல்லேசுவரம். ஆனால் கை எவ்வளவு தேறியிருக்கிறது என்று நீயே பார். தூண்களுக்கு மேலே இரண்டு மகரங்கள், முதலை மாதிரியான கற்பனை விலங்குகள், வாயைத் திறந்து தோரணத்தை உமிழ்கின்றன. மண்டகப்பட்டில் மொட்டையாக இருந்த முகப்பு இங்கே நகை போட்டுக்கொண்டு நிற்கிறது. அதன் பிறகு பனமலை. ஏரிக்கரையில் ஒரு சின்னக் குன்று, அதன் மேல் ராஜசிம்மன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில். காஞ்சி கைலாசநாதர் கோயிலைக் கட்டிய அதே ராஜசிம்மன். மகேந்திரனுக்கும் இவனுக்கும் நடுவில் ஏறக்குறைய நூறு வருடம். பாறையைக் குடைந்துகொண்டிருந்தவர்கள் இங்கே கல்லை அடுக்கி விமானம் எழுப்பிவிட்டார்கள்.

மலர், நான் சொல்ல வந்ததே இதுதான். இந்த மூன்று இடத்தையும் காரில் பார்த்தால் மூன்று கோயில் பார்த்த மாதிரி இருக்கும். நடந்து பார்க்க ஒரு நாள் போதாது. சைக்கிளில் போனால் ஒன்றைப் பார்த்த கண் அடுத்ததை அடையும்வரை முந்தையதை மறக்காது. நூறு வருடத்து வேலையை ஒரே காலையில் மிதித்துக் கடந்துவிடலாம். நான் நாலு முறை இந்தப் பாதையில் போயிருக்கிறேன், நாலு முறையும் பனமலைப் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது இது மனசில் வந்தது.

பனமலையில் அவசரப்படாதே. சிற்றாலயம் ஒன்றின் சுவரில் பார்வதியின் ஓவியம் மிச்சமிருக்கிறது. பாதி உதிர்ந்துவிட்டது. தலையில் உயரமான மகுடம், மேலே குடை, ஒரு காலை மடித்துச் சாய்ந்து நின்றபடி சிவன் ஆடுவதைப் பார்க்கிறாள். ஆடுகிற சிவன் பெரும்பாலும் அழிந்துபோய்விட்டான். பார்க்கிறவள் மட்டும் 1,300 வருடமாகப் பார்த்துக்கொண்டே இருக்கிறாள். வெளிச்சத்திலிருந்து உள்ளே போனவுடன் ஒன்றும் தெரியாது. கண் பழகும்வரை ஐந்து நிமிடம் சும்மா நில். முதலில் முகம் வரும், அப்புறம் அந்தக் கால்.

சாலையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். தை, மாசியில் இங்கே கிராமத்துத் தார்ச்சாலைதான் களம். உளுந்துச் செடியைப் பிடுங்கிவந்து சாலை முழுக்கப் பரப்பிவிடுவார்கள், போகிற வண்டியெல்லாம் ஏறிப் போரடித்துக் கொடுக்கும். பஸ்ஸுக்கு அது ஒன்றுமில்லை. மெல்லிய டயருக்கு அது எண்ணெய் தடவிய தரை. போன வருடம் நான் வேகத்தைக் குறைக்காமல் ஏறிவிட்டேன். காய்ந்த கொடி பின் கியரில் சுற்றிச் செயின் அப்படியே இறுகிவிட்டது. களத்தில் இருந்த பாட்டி முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து, ஒரு வார்த்தை பேசாமல், பல்சக்கரத்திலிருந்து ஒவ்வொரு கொடியாக உருவி எடுத்தார். எனக்கு அரை மணி பிடித்திருக்கும், அவர் ஐந்து நிமிடத்தில் முடித்தார். அதனால் உளுந்தைக் கண்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போ. அது அவர்களுடைய ஒரு பருவத்து உழைப்பும்கூட.

இன்னொன்று சீமைக்கருவேல முள். குகைகளுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் சைக்கிளை உருட்டாதே, தோளில் தூக்கிக்கொள். பஞ்சரானால் டியூபை மாற்றிவிட்டு உடனே காற்றடிக்காதே. முள் டயருக்குள் உடைந்து நிற்கும், வெளியே தெரியாது. துணியால் டயரின் உள்பக்கத்தை ஒரு சுற்றுத் தடவிப் பார், துணி சிக்குகிற இடத்தில் முள் இருக்கும். 28 எம்எம் டயர் போட்டு வா, ஸ்பேர் டியூப் இரண்டு.

சாயங்காலம் செஞ்சிக்குள் நுழையும்போது கோட்டையின் ராஜகிரிக் குன்று எதிரே நிற்கும். பார்த்ததுமே எதற்கு அவ்வளவு பேர் இதற்காக அடித்துக்கொண்டார்கள் என்று புரிந்துவிடும். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி, மூன்றையும் சேர்த்துச் சுற்றிய மதில். சிவாஜி இதை 1677-இல் பிடித்தார். அவர் மகன் ராஜாராம் மராட்டியத்திலிருந்து தப்பி வந்து இங்கே இருந்துதான் அரசாண்டார். 1690-இல் முகலாயப் படை வந்து முற்றுகை போட்டது. கோட்டை விழுந்தது 1698-இல். 2025-இல் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, தமிழ்நாட்டில் இருந்து போன ஒரே கோட்டை இது. நமக்குத் தேசிங்கு ராஜாதான் நினைவுக்கு வருவார். 1714-இல் ஆற்காட்டு நவாபின் படையை எதிர்த்து இறந்தவர். உன் தாத்தாவுக்குத் தேசிங்கு கதைப்பாட்டில் பாராசாரிக் குதிரை வருகிற இடமெல்லாம் மனப்பாடம்.

மறுநாள் காலை, கதவு திறந்ததும் ராஜகிரி ஏறிவிடலாம். சுமார் 800 அடி, முழுக்கப் படி. பெடலில் மாட்டுகிற கிளீட் வைத்த ஷூவில் ஏற முடியாது, பையில் ஒரு சாதாரணச் செருப்பு வைத்துக்கொள். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து ஒரு பள்ளம் வரும், மேலே சின்னப் பாலம். அதை இழுத்துவிட்டால் மேலே இருப்பவனை யாரும் நெருங்க முடியாது. கீழே பார்த்தால் முந்தின நாள் வந்த சாலை நூல் மாதிரி கிடக்கும்.

இறங்கிவந்து சிங்கவரத்தில் பாறையில் பள்ளிகொண்ட பெருமாளை ஒரு பார்வை. ஆனால் பக்கத்திலிருக்கும் திருநாதர்குன்றைத் தவறவிடாதே. ஒரே பாறையில் இரண்டு வரிசையாகச் சமணர்களின் 24 தீர்த்தங்கரர்கள். அருகே ஒரு பழைய தமிழ்க் கல்வெட்டு: 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகை, அதாவது அவர் நோன்பிருந்து மறைந்த இடம். போர், புகழ், ராஜா யாரும் அதில் இல்லை. ஒரு பெயர், ஒரு எண்ணிக்கை. அந்தப் பாறையில் காற்று சுற்றிக்கொண்டே இருக்கும். நான் அங்கே போனால் யாரோடும் பேசுவதில்லை, நீயும் கொஞ்ச நேரம் பேசாமல் இரு.

திரும்பும்போது திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக்கே போய்விடு. கிழக்கே போகிறாய், ஜனவரியில் வாடைக்காற்று எதிரில் நிற்கும், அதனால் கால்களில் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள். கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் அந்தத் தூண்களைத் திரும்பவும் ஒரு படம் எடுத்து அனுப்பு.

பொங்கலுக்கு அடுத்த சனிக்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. உனக்குச் சரியென்றால் அன்றைக்கே கிளம்பலாம். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். வரும்போது மறக்காமல் எனக்கு ஒரு ஜோடி டயர் லீவர் வாங்கி வா, என்னுடையது தளவானூர் பாறையில் எங்கேயோ விழுந்துவிட்டது.

அன்புடன்,
சித்தி