செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வருகை தந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு ஆறு முறை கூடியது. சுதந்திர தினத்தன்று கொடியேற்றினோம். மழைக்கு முன் தெரு வாய்க்கால் தூர்வாரப்பட்டது. பொங்கல் கோலப்போட்டி வழக்கம்போல் நடந்தது.

பள்ளி மைதானத்தில் ஞாயிறுதோறும் நடத்திய ட்ரோன் பயிற்சி பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ‘சங்கப் பணத்தில் பொம்மை வாங்கிவிட்டார்’ என்ற பேச்சு என் காதுக்கும் வந்தது. வாங்கியவை கேமரா இல்லாத இரண்டு சிறிய குவாட்காப்டர்கள், அதாவது நான்கு சுழல் இறக்கைகள் கொண்ட ட்ரோன்கள். 250 கிராம் வரை எடையுள்ளவை நானோ வகை. 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி அவற்றை ஓட்டப் பைலட் சான்றிதழ் தேவையில்லை. நம் மைதானம் முன் அனுமதியின்றிப் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலத்தில் இருப்பதை அரசின் ட்ரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் பார்த்த பிறகே தொடங்கினோம். வேப்பமர உயரத்தை ஒருநாளும் தாண்டவில்லை.

முதல் மூன்று ஞாயிறுகளும் மேலே எழுப்பி ஒரே இடத்தில் நிறுத்திவைக்கவே சரியாக இருந்தது. தரையை ஒட்டிப் பறந்தால் இறக்கைகள் தள்ளும் காற்றே திரும்பி வந்து ஆட்டுகிறது. இடுப்பளவு உயர்ந்தால் அடங்குகிறது. ரிமோட்டில் இடக்கைக் குச்சி ஏற்றி இறக்கவும் முகத்தைத் திருப்பவும். வலக்கைக் குச்சி முன், பின், பக்கவாட்டில் நகர்த்த. வால் நம் பக்கம் இருக்கும்வரை எல்லோரும் ஓட்டிவிடுகிறார்கள். முகம் நம் பக்கம் திரும்பியதும் இடம் வலமாகிவிடுகிறது, கை தடுமாறுகிறது. அந்தத் தடுமாற்றம் தீர எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை ஐந்தே வாரத்தில் இரண்டு செங்கற்களைச் சுற்றி எட்டுப் போட்டுக் காட்டினாள். அன்று அங்கே பெற்றோர் ஒருவர்கூட இல்லை என்பது என் வருத்தம்.

சேதத்தையும் சொல்லிவிடுகிறேன். விழுந்த நொடியே த்ராட்டிலை, அதாவது ஏற்றி இறக்கும் குச்சியை, முழுதாக இறக்க வேண்டும். புல்லில் சிக்கியபடி சுழலவிட்டதில் ஒரு மோட்டார் கருகியது. நான்கு இறக்கைகளில் இரண்டு வலஞ்சுழி, இரண்டு இடஞ்சுழி. மாற்றி மாட்டியதால் ஒருநாள் எழும்பாமலே கவிழ்ந்தது. பறந்து இறங்கிய சூட்டோடு சார்ஜில் போட்ட பேட்டரி ஒன்று உப்பிவிட்டது. அதை அப்போதே ஒதுக்கிவிட்டோம். மாற்று இறக்கைகளை என் கைப்பணத்தில்தான் வாங்கினேன், சங்கக் கணக்கில் எழுதவில்லை.

பெயர் கொடுத்தவர்கள் 26 பேர். முதல் ஞாயிறு 19 பேர் வந்தார்கள். ஆடிக் காற்றில் இவ்வளவு லேசான ட்ரோனைப் பறக்கவிட முடியாது என்று ஐந்து வாரம் நிறுத்தினோம். மறுபடி தொடங்கியபோது நான்கு பேர். வர இயலாதென்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஐந்து நிமிடத்துக்கு மேல் தாங்காத பேட்டரிகளை முந்தைய இரவு விழித்திருந்து ஒவ்வொன்றாகச் சார்ஜ் போட்டிருக்க மாட்டேன். சந்தாவும் இப்படித்தான். பதினொரு வீடுகளில் இரண்டு ஆண்டு நிலுவை. பொம்மை என்று சொன்னவர்களும் அதில் உண்டு. மகளிர் குழுக்களுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன் கொடுக்க மத்திய அரசு 2023இல் திட்டம் அறிவித்த காலம் இது. அந்த வேலைக்குப் போகும் பிள்ளைக்கு முதலில் கைப்பழக்கம் வேண்டாமா?

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வரவு சற்றுக் குறைவு, செலவு சற்றுக் கூடுதல். கையிருப்பு அவசரத் தேவைக்குப் போதும்.

மைதானம் தந்த பள்ளிக்கும், தண்ணீர் தந்த எதிர்வீட்டாருக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் நானே செயலாளராக இருப்பதா என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். யார் வந்தாலும் பயிற்சி நிற்கக் கூடாது என்பதே என் வேண்டுகோள். ஒரு மோட்டாரும் மூன்று பேட்டரிகளும் வாங்க வேண்டும். நிலுவைச் சந்தா பாதி வந்தாலே போதும். ஆடிக்கு முன் பத்து ஞாயிறுகள் இருக்கின்றன. காலை 6 மணிக்கு, காற்று எழுமுன், மைதானத்தில் இருப்பேன்.

இவண்,
செயலாளர்