காட்டிய கருவி வேறு, விற்ற கருவி வேறு: பணத்தைத் திருப்பித் தரக் கோரி ஒரு புகார்

பெறுநர்
மேலாளர்
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: விஆர் ஹெட்செட், ஸ்மார்ட் கண்ணாடி ஆகியவற்றை விற்கும்போது தவறான தகவல் தந்தது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கடந்த தீபாவளிக்கு முந்திய வாரம், ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையையும் மனத்தில் கொண்டு, உங்கள் தெம்பனீஸ் கிளையில் என் மகளுக்கு ஒரு விஆர் ஹெட்செட்டும் (மெய்நிகர்க் காட்சிகளைப் பார்க்கத் தலையில் அணியும் கருவி) என் தந்தைக்கு ஒரு ஸ்மார்ட் கண்ணாடியும் வாங்கினேன். போட்டுப் பார்ப்பதற்காகக் கடையில் வைத்திருந்த கருவிகளையும், அங்கு நின்ற விற்பனையாளர் என் கேள்விகளுக்குத் தந்த உறுதிமொழிகளையும் நம்பியே பணம் செலுத்தினேன். அந்த உறுதிமொழிகள் உண்மைக்கு மாறானவை.

என் தந்தைக்கு விழித்திரை நோயால் பார்வை மங்கி வருகிறது. காலையில் தமிழ் முரசைப் படித்த பிறகே மற்ற வேலைகளைத் தொடங்கும் வழக்கமுடையவர், இப்போது உருப்பெருக்கியை வைத்துத் தலைப்புகளை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார். எதிரே உள்ள எழுத்தைக் கண்ணாடியே படித்துச் சொல்லும் என்ற அறிவிப்பைக் கண்டதும், தமிழையும் படிக்குமா என்று நான் குறிப்பாகக் கேட்டேன். எல்லா மொழியும் படிக்கும், தமிழும் உண்டு என்று விற்பனையாளர் தயங்காமல் கூறினார். ஆனால் அவர் படிக்க வைத்துக் காட்டியது ஓர் ஆங்கில உணவுப் பட்டியலை மட்டுமே.

வீட்டில் தந்தை கண்ணாடியை அணிந்து, செய்தித்தாளைச் சன்னல் வெளிச்சத்தில் முகத்துக்கு நேரே பிடித்தபோது, தாளில் இருப்பது தமிழ் எழுத்து என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அது நின்றுவிட்டது. கண்ணாடிக்குரிய செயலியின் மொழிப் பட்டியலில் ஆங்கிலமும் சில ஐரோப்பிய மொழிகளும் இருந்தன, தமிழ் இல்லை. நான்கு அதிகாரத்துவ மொழிகளுள் தமிழும் ஒன்றாக இருக்கும் நாட்டில் இத்தகைய கேள்வி அடிக்கடி எழக்கூடியதே. அதற்குச் சரியான விடையைத் தெரிந்து வைத்திருப்பது விற்பவரின் கடமை. கண்ணாடி படமெடுக்கும்போது அதன் சட்டகத்தில் சிறு விளக்கு எரியும் என்பதையும், பிறரின் அனுமதியின்றிப் படமெடுக்கக் கூடாது என்பதையும் அதே விற்பனையாளர் பொறுப்போடு விளக்கினார் என்பதை நான் மறைக்கவில்லை.

ஹெட்செட்டைப் பொறுத்தவரை குறை இன்னும் பெரியது. கடையில் நான் அணிந்து பார்த்ததில் பின்தலையைத் தாங்கும் உறுதியான பட்டையும் அதில் கூடுதல் மின்கலமும் இருந்தன. ஏறத்தாழ அரைக் கிலோ எடையுள்ள கருவியின் பாரம் முன்பக்கம் இழுக்காமல் இருந்ததற்கு அந்தப் பட்டையே காரணம். வீட்டில் பெட்டியைத் திறந்தால் மெல்லிய துணிப் பட்டைதான் இருந்தது. மற்றது தனி விலைக்கு விற்கப்படும் துணைப்பொருள் என்று பிறகே தெரிந்தது. காட்சிக்கு வைத்த கருவியில் அதைக் குறிப்பிடும் அட்டை எதுவும் இல்லை.

என் மகள் தொடக்கநிலை 5இல் பயில்கிறாள். கிட்டப்பார்வைக்காகக் கண்ணாடி அணிகிறாள். சிங்கப்பூரில் இது அரிதன்று. தொடக்கநிலை 6ஐ எட்டும் பிள்ளைகளில் ஏறத்தாழ 65 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை இருப்பதாகச் சுகாதாரத் துறையினர் பல ஆண்டுகளாகவே கூறி வருகின்றனர். அவளுக்குப் பொருந்துமா என்று கேட்டபோது, பத்து வயதைத் தாண்டிய எல்லாருக்கும் பொருந்தும் என்றார்கள். பத்து வயது என்பது கருவியைப் பயன்படுத்துவதற்கான பயனர் கணக்கைத் தொடங்குவதற்குரிய வரம்பு. கண்ணின் அளவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இரு கண்பாவைகளுக்கு இடையிலான தூரம் பெரியவர்களுக்குச் சராசரியாக 63 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். பிள்ளைகளுக்குக் குறைவாக இருக்கும். வில்லையின் நடுப்பகுதி கண்பாவைக்கு நேரே அமையாவிட்டால் காட்சி மங்கும், கண் களைக்கும், தலை வலிக்கும். நீங்கள் விற்ற கருவியின் வில்லைகளை 58, 63, 68 மில்லிமீட்டர் ஆகிய மூன்று நிலைகளில் மட்டுமே நிறுத்த முடியும். கண்ணாடிக் கடையில் அளந்தபோது என் மகளின் அளவு 54. அவள் ஒவ்வொரு முறையும் சற்று நேரத்திலேயே கழற்றி வைத்துவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொள்கிறாள். ஒரு பிள்ளையின் கண்ணைப் பற்றிய கேள்விக்கு அளவு எதையும் பார்க்காமல் விடை சொன்னதை என்னால் எளிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இவற்றைக் கிளையில் எடுத்துரைத்தபோது, பெட்டியைத் திறந்துவிட்டதால் திரும்பப் பெற இயலாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திறக்காமல் இக்குறைகளைக் கண்டறிய வழியே இல்லை. வாடிக்கையாளரைத் தவறாக எண்ண வைக்கும் கூற்றுகளைச் சொல்லி விற்பது, பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தகம்) சட்டத்தின்படி நியாயமற்ற செயல் என்பதைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டு வருகிறேன்.

ஆகவே, இரு கருவிகளுக்கும் பொருள் சேவை வரி உட்பட நான் செலுத்திய முழுத் தொகையையும் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பணத்திற்குப் பதிலாகக் கடைப் பற்றுச்சீட்டு எனக்கு வேண்டாம். காட்சிக் கருவிகளில் பொருத்தியுள்ள துணைப்பொருள்கள் விலையில் அடங்கா என்பதையும், ஸ்மார்ட் கண்ணாடி எந்தெந்த மொழிகளைப் படிக்கும் என்பதையும், வில்லைகளை எந்த அளவுவரை நகர்த்தலாம் என்பதையும் அங்கேயே எழுதி வைக்கவும் வேண்டுகிறேன். இக்கடிதம் கிடைத்த 14 நாள்களுக்குள் எழுத்துபூர்வமான பதில் வராவிட்டால், சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடமும், தேவைப்பட்டால் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்திடமும் முறையிடுவேன்.

ரசீதின் நகல், செயலியின் மொழிப் பட்டியலைக் காட்டும் படம், மகளின் கண் அளவுச் சீட்டு ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன். கருவிகள் இரண்டும் எல்லாப் பாகங்களுடனும் பெட்டியில் பத்திரமாக உள்ளன. தாங்கள் குறிப்பிடும் நாளில் கிளையில் ஒப்படைக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாடிக்கையாளர்